கேட்கத் தெரிந்த நடிகர்

'பசி' 1979-இல் வெளிவந்தது. அதில் முனியாண்டி என்ற சைக்கிள் ரிக்‌ஷாக்காரராக நடித்த டெல்லி கணேஷுக்கு அப்போது வயது 35. மூத்த மகள் குப்பம்மாவாக நடித்த ஷோபாவுக்கு 17. வயதை வைத்துப் பார்த்தால் அண்ணன், தங்கையாக வந்திருக்க வேண்டியவர்கள். படம் பார்த்த யாருக்கும் அந்தக் கணக்கு தோன்றவே இல்லை. குடிசை நிறையப் பிள்ளைகளைப் பெற்றுவிட்டு, அவர்களுக்கு எப்படிச் சோறு போடுவது என்று தெரியாமல் விழிக்கிற ஒரு தகப்பனைத்தான் பார்த்தார்கள்.

துரை இயக்கிய அந்தப் படம் ஸ்டுடியோ செட்டை நம்பவில்லை. சென்னையின் குடிசைப் பகுதிக்குள்ளேயே போய் எடுத்தார்கள். குப்பை பொறுக்கும் பெண், லாரி டிரைவர், ரிக்‌ஷாக்காரர் என்று சினிமா அதுவரை ஓரமாக நிறுத்திவைத்த ஆட்களே கதை. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது கிடைத்தது. ஷோபாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது. 1980 மே மாதம் முதல் தேதி அவர் இறந்துபோனார். அதனால் 'பசி' என்றதும் ஜனங்கள் முதலில் ஷோபாவைத்தான் நினைப்பார்கள். நியாயம்தான். ஆனால் அந்தப் படத்துக்காக டெல்லி கணேஷுக்கும் தமிழக அரசின் சிறப்புப் பரிசு கிடைத்தது என்பது அவர் ரசிகர்களிலேயே பலருக்கு நினைவில்லை.

அந்த ரிக்‌ஷாக்காரரின் பேச்சை இன்று கேட்டாலும் ஆச்சரியமாக இருக்கும். பேசுகிறவர் பிறந்தது வல்லநாட்டில். திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே, வெளிமான்கள் திரியும் குன்றை ஒட்டிய ஊர். நெல்லைத் தமிழ், அதிலும் அக்கிரகாரத் தமிழ் காதில் விழ வளர்ந்தவர். பிறகு பத்து வருஷம் விமானப்படை, வடக்கே இந்தி. சென்னைக்கு வந்து நிரந்தரமாகக் குடியேறிச் சில வருஷம்கூட முழுதாக ஆகியிருக்காது. அதற்குள் கூவம் கரை ஆளின் பேச்சு நாக்கில் இழுப்போ செயற்கையோ இல்லாமல் வந்து உட்கார்ந்துவிட்டது. மெட்ராஸ் பாஷை பேசும் நடிகர்கள் பெரும்பாலும் அதைச் சிரிப்புக்காகத்தான் பேசுவார்கள். முனியாண்டி பேசும்போது யாரும் சிரிக்கவில்லை.

டெல்லி கணேஷின் தொழில் ரகசியம் அவருடைய காதில் இருந்தது என்று இந்தக் கட்டுரை நினைக்கிறது. முகபாவத்தைப் பற்றியும் 'டைமிங்' பற்றியும் எல்லோரும் பேசுகிறார்கள். இரண்டும் கேட்பதில் இருந்துதான் வருகின்றன. பேச்சு வழக்கைக் கேட்பது, எதிரே நிற்பவர் வசனத்தைக் கேட்பது, அரங்கத்தில் சிரிப்பு எங்கே எழும் எங்கே அடங்கும் என்று கேட்பது. நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல், நானூறு படங்களைத் தாண்டியும் அந்தக் காது மந்தமாகவில்லை.

டெல்லி கணேஷின் சொந்தப் பெயர் கணேசன். பிறந்தது 1944 ஆகஸ்ட் 1. விமானப்படையில் சேர்ந்தது 1964, இருபது வயதில். வெளியே வந்தது 1974. இடையில் நாடு இரண்டு போர்களைப் பார்த்துவிட்டது; 1965-இல் ஒன்று, 1971-இல் ஒன்று. படைவீரர்கள் தங்கும் 'பில்லெட்'டில் பக்கத்துக் கட்டிலில் ஒரு பஞ்சாபி, எதிர்க் கட்டிலில் ஒரு மலையாளி, மூலையில் ஒரு வங்காளி இருப்பது சாதாரணம். யார் எந்த ஊர்க்காரன் என்பது வாயைத் திறந்ததும் தெரிந்துவிடும். நடிப்புப் பள்ளிக்கூடம் எதுவும் இப்படி ஒரு பாடத்தை வைக்க முடியாது.

டெல்லியில் அவருக்குக் கிடைத்த இன்னொரு பள்ளி தக்ஷிண பாரத நாடக சபா. தலைநகரில் குமாஸ்தாவாக, அதிகாரியாக, ஸ்டெனோவாக வேலை பார்த்த தமிழர்கள் ஆபீஸ் முடிந்த பிறகு கூடி ஒத்திகை பார்த்து நாடகம் போட்ட குழு. இன்றைக்கு நினைத்துப் பார்த்தால் அந்தக் காலத்து டெல்லி தமிழ் நாடகத்துக்கு ஒரு சின்னத் தலைநகராகவே இருந்திருக்கிறது. இந்திரா பார்த்தசாரதி அங்கே பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டே 'மழை', 'ஔரங்கசீப்' போன்ற நாடகங்களை எழுதினார். 1947-இல் சுதந்திரச் செய்தியை அகில இந்திய வானொலியில் தமிழில் வாசித்தவராக அறியப்படும் பூர்ணம் விஸ்வநாதனும் டெல்லி ஆள்தான். அவரும் பிறகு சென்னைக்கு வந்து, சுஜாதாவின் நாடகங்களை மேடையேற்றி, சினிமாவில் அப்பாவாகவும் தாத்தாவாகவும் நிலைத்தார். பூர்ணத்தையும் கணேஷையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது சுவாரஸ்யம். பூர்ணம் பேசினால் செய்தி வாசிப்பவரின் தெளிவு கடைசி வரை ஒட்டிக்கொண்டிருக்கும். எந்த வேஷத்திலும் அவர் பூர்ணம்தான். கணேஷின் குரலுக்கு அப்படி ஒரு நிரந்தர முத்திரை கிடையாது. ஆளுக்குத் தக்க மாறும்.

சென்னையில் அவர் சேர்ந்தது காத்தாடி ராமமூர்த்தியின் 'ஸ்டேஜ் கிரியேஷன்ஸ்' குழுவில். எழுபதுகளின் சபா நாடகத்தைப் பார்க்காதவர்களுக்கு அந்த உலகத்தை விளக்குவது கொஞ்சம் கஷ்டம். மாலை ஆறரைக்கு நாடகம். நடிகர்களில் பலர் அன்று பகலில் வங்கியிலோ அரசு அலுவலகத்திலோ வேலை பார்த்துவிட்டு பஸ் பிடித்து வந்தவர்கள். பெரிய செட் கிடையாது. ஒரு சோபா, ஒரு டெலிபோன், ஒரு மாடிப்படி. மைக்குகள் மேலிருந்து தொங்கும். வசனம் பேச வேண்டியவர் மைக்குக்கு அடியில் வந்து நிற்க வேண்டும், ஆனால் மைக்குக்காக வந்தார் என்று ஜனங்களுக்குத் தெரியக் கூடாது. வசனம்தான் எல்லாம். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மாமாவும் மாமியும் சிரித்தால் அடுத்த வசனத்தை உடனே சொல்லிவிடக் கூடாது. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தால் சூடு ஆறிவிடும். சிரிப்பு இறங்கத் தொடங்கும் அந்த நொடியில் அடுத்த வரி விழ வேண்டும். ஒரு நாடகத்தை நூறு தடவை போடும் நடிகருக்கு இது கணக்காக இல்லாமல் பழக்கமாகவே ஆகிவிடும்.

அந்தக் குழுவுக்கும் பிறவற்றுக்கும் நாடகம் எழுதியவர்களில் ஒருவர் விசு. 'டௌரி கல்யாண வைபோகமே', 'பட்டினப் பிரவேசம்' இரண்டும் அவருடையவை. கிராமத்திலிருந்து நம்பிக்கையோடு சென்னைக்கு வரும் ஒரு குடும்பத்தை நகரம் ஒவ்வொருவராகப் பிரித்துச் சிதைப்பதுதான் 'பட்டினப் பிரவேச'த்தின் கதை. அதைப் படமாக்கியவர் கே. பாலசந்தர். அவரே சபா நாடகத்தில் முளைத்தவர். ஏஜீஸ் ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டே 'மேஜர் சந்திரகாந்த்', 'சர்வர் சுந்தரம்', 'எதிர்நீச்சல்' என்று மேடையை ஆண்டவர். நாடகக்காரரை நாடகக்காரர் கண்டுகொள்வதில் அதிசயம் இல்லை. கணேசன் நடித்த அந்தப் படம் 1977-இல் வந்தது. கணேசன் 'டெல்லி' கணேஷ் ஆனது பாலசந்தர் வைத்த பெயரால்தான்.

இங்கே ஒரு இடைச்செருகல். அந்தத் தலைமுறை சபா நடிகர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். 'மேஜர்' என்பது சுந்தரராஜனுக்கு நாடகத்தில் போட்ட வேஷத்தால் வந்தது. 'காத்தாடி' ராமமூர்த்திக்கு, சோவின் நாடகத்தில் ஏற்ற பாத்திரத்தின் பெயர். 'கிரேஸி' மோகனுக்கு, எஸ்.வி. சேகருக்காக எழுதிய நாடகத்தின் தலைப்பில் இருந்து. எல்லோருக்கும் மேடை ஏதோ ஒன்றைக் கொடுத்து அதைப் பெயராகவும் மாட்டிவிட்டிருக்கிறது. கணேஷுக்கு மட்டும் ஊர்ப் பெயர். அதுவும் பிறந்த ஊர் கிடையாது, வேலை பார்த்த ஊர்.

1977 தமிழ் சினிமாவுக்குத் திருப்பமான வருஷம். அதே ஆண்டில்தான் பாரதிராஜாவின் '16 வயதினிலே' வந்து கேமராவை வயல்வரப்பில் இறக்கியது. பள்ளிக்கூட வாத்தியார், பஞ்சாயத்துத் தலைவர், டீக்கடைக்காரர், ரிக்‌ஷாக்காரர் என்று அசல் மனிதர்களைப் போலவே தெரியும் நடிகர்கள் திடீரென்று தேவைப்பட்டார்கள். கணேஷ் வந்து சேர்ந்த நேரம் அது. பத்து வருஷம் முன்னால் வந்திருந்தால் கதாநாயகனின் நண்பனுக்கும் நண்பனாக ஒதுங்கியிருக்கலாம்.

சென்னீர்குப்பத்தில், பூந்தமல்லி ஆவடி சாலையிலிருந்து உள்ளே பிரியும் தெரு ஒன்றில் கணேஷின் ரசிகரான ஒரு பெரியவர் இருக்கிறார். விமானப்படையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆவடியில் விமானப்படை நிலையம் இருக்கிறது, கேன்டீன் பக்கம், பூந்தமல்லியில் பஸ் பிடித்தால் எங்கேயும் போகலாம் என்று கணக்குப் போட்டு, சுற்றிலும் வயலும் வெற்று மனையுமாகக் கிடந்த காலத்திலேயே அங்கே இடம் வாங்கிப் போட்டவர். டெல்லி கணேஷை நேரில் பார்த்ததில்லை. அவரோடு வேலை செய்ததும் இல்லை. இருந்தாலும் டி.வி.யில் முகம் தெரிந்தால் போதும், "எங்க ஆளு" என்பார்.

அவர் சொன்ன ஒரு விஷயம் எந்த விமர்சகரும் எழுதிப் படித்ததாக நினைவில்லை. "டிரில் அடிச்சவன் உடம்பு சொல்லிக்குடுத்துடும் தம்பி. ரேஷன் கடை க்யூவுல நின்னாக்கூட தோள் பின்னால போயிடும். நான் ரிட்டயர் ஆகி இத்தனை வருஷம் ஆச்சு, இன்னும் என்னால கூன் போட்டு உட்கார முடியல. அவர் பத்து வருஷம் சல்யூட் அடிச்சவர். ஒரு படத்துலயாவது அது தெரியுதா, பாருங்க." பார்த்தால், அவர் சொல்வது சரிதான். முனியாண்டியின் தோள் ரிக்‌ஷா மிதித்துத் தொங்கிப்போன தோள். குருமூர்த்தியின் தோள் மிருதங்கத்தின் மேல் கவிழ்ந்த தோள். ராணுவ மிடுக்கு எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

குருமூர்த்தி, 'சிந்து பைரவி'யின் மிருதங்க வித்வான். 1985-இல் வந்த பாலசந்தர் படம். சுஹாசினிக்கும் சித்ராவுக்கும் இளையராஜாவுக்கும் தேசிய விருது வாங்கிக் கொடுத்த படம். பெரியவர் வீட்டில் அப்போதுதான் கறுப்பு வெள்ளை டி.வி. வந்திருந்தது, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தூர்தர்ஷனில் படம் என்றால் தெருவில் பாதிப் பேர் கூடத்தில் வந்து உட்காருவார்கள். 'சிந்து பைரவி'யை அப்படித்தான் அவர்கள் பார்த்தார்கள். சங்கீதம் தெரிந்தவர் கூட்டத்தில் யாரும் இல்லை. ஆனாலும் படத்தின் நாயகனான பாடகர் ஜே.கே.பி., குடித்துவிட்டு வந்த மிருதங்கக்காரரைக் கச்சேரியிலிருந்து விலக்கி, பக்கவாத்தியம் இல்லாமலே பாடத் துணியும் காட்சியில் கூடம் அமைதியாகிவிட்டதாம்.

அந்தக் காட்சி ஜே.கே.பி.யாக நடித்த சிவகுமாருடையது. கோபம் அவருக்கு, கர்வம் அவருக்கு, பாட்டும் அவருக்கு. கணேஷுக்கு இருப்பது அவமானம் மட்டும். அவமானப்படுகிறவனை நடிப்பதில் ஒரு ஆபத்து உண்டு. கொஞ்சம் கூடிப்போனால் இரக்கத்தைப் பிச்சை கேட்பதாக ஆகிவிடும். குருமூர்த்தி கேட்கவில்லை. தான் செய்தது தப்பு என்று தெரியும், இவர் இல்லாமல் தனக்கும் வாழ்க்கை இல்லை என்று தெரியும், ஆனால் தன் வித்தை மேல் தனக்கு மதிப்பு உண்டு. மூன்றையும் ஒரு முகத்தில் வைத்திருக்கிறார். பின்பாதியில் கதை திரும்புகிறது: குடிக்காத ஜே.கே.பி. குடிக்கு அடிமையாகிறார், குடித்த குருமூர்த்தி தெளிந்து நிற்கிறார். பழிவாங்கும் திருப்தி அங்கே சுலபமாக எட்டிப்பார்த்திருக்கலாம். எட்டிப்பார்க்கவில்லை. தன் பாடகர் வீழ்வதைப் பார்க்கிற பக்கவாத்தியக்காரரின் துக்கம்தான் இருந்தது. கர்நாடக சங்கீத மேடையில் மிருதங்கக்காரர் எப்போதும் பாடகரின் வாயைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அடுத்த சங்கதி எங்கே போகிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பார். குணச்சித்திர நடிகரின் வேலையும் ஏறக்குறைய அதுதான். அந்த வேஷம் அவருக்கு அவ்வளவு பொருந்தியதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

இரண்டு வருஷம் கழித்து 'நாயகன்'. 'டைம்' பத்திரிகை 2005-இல் வெளியிட்ட, எல்லாக் காலத்துக்குமான நூறு படங்களின் பட்டியலில் இடம்பெற்ற படம். அதில் கணேஷ், வேலு நாயக்கரின் கூட இருக்கும் அய்யர். இந்தி தெரியாத நாயக்கருக்குப் பேச்சுவார்த்தைகளில் வாயாக இருப்பவர். கமல்ஹாசன் படத்தில் பக்கத்தில் நிற்பது லேசான காரியம் இல்லை. கேமரா அவர் மேல்தான் இருக்கும் என்று தெரிந்தும் அங்கே ஒரு மனிதன் நிற்கிறான் என்ற கனம் இருக்க வேண்டும், அந்தக் கனம் கதாநாயகனின் கனத்தை அசைத்துவிடவும் கூடாது. கணேஷ் இதில் கெட்டிக்காரர். அவர் கமலோடு நடித்த படங்களின் வரிசை நீண்டது ஏன் என்பதற்கு நட்பை மட்டும் காரணமாகச் சொன்னால் பாதிதான் சரி.

'அபூர்வ சகோதரர்க'ளில் (1989) அவர் வில்லன். நாகேஷ், ஜெய்சங்கர், நாசர், டெல்லி கணேஷ் என்று நான்கு பேர் கூட்டணி; இவர் பிரான்சிஸ் அன்பரசு. நகைச்சுவைக்கென்று அறியப்பட்ட நாகேஷையும், கதாநாயகனாகக் கொடிகட்டிப் பறந்த ஜெய்சங்கரையும், சாதுவான அப்பாவான கணேஷையும் கொலைகாரர்களாக உட்கார வைத்தது துணிச்சலான யோசனை. பார்த்துப் பழகிய பக்கத்து வீட்டு மனிதர் கொலைக்குத் திட்டம் போடுகிறார் என்றால் பயம் இரட்டிப்பாகும். இந்த வழியைத் தமிழ் சினிமா அப்புறமும் பயன்படுத்தியிருக்கலாம். கணேஷ் விஷயத்தில் அவ்வளவாகப் பயன்படுத்தவில்லை.

அதற்கு அடுத்த வருஷம் தீபாவளிக்கு 'மைக்கேல் மதன காமராஜன்'. சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கம், கிரேஸி மோகன் வசனம், கமலுக்கு நாலு வேஷம். அதில் சமையல்காரர் காமேஸ்வரனின் வளர்ப்புத் தகப்பன் பாலக்காட்டு மணி ஐயர். இன்றைய இளைஞர்களுக்கு டெல்லி கணேஷ் என்றால் முதலில் வருவது இந்த மணி ஐயர்தான். சாம்பாரில் மீன் விழும் கல்யாணச் சமையல் காட்சி, முப்பத்தைந்து வருஷம் ஆகியும் போனுக்குப் போன் தாவிக்கொண்டிருக்கிறது.

பாலக்காட்டுத் தமிழைக் கிண்டலுக்குப் பேசுவது எல்லோராலும் முடியும். சொல்லின் கடைசியை இழுத்து, நாலு மலையாளச் சொல்லைத் தூவினால் அரங்கம் சிரிக்கும். மணி ஐயர் பேசும்போது அது மிமிக்ரி போலத் தோன்றுவதில்லை; பிறந்ததிலிருந்து அப்படியே பேசிவந்தவராகத் தெரிகிறார். நெல்லைக்காரர் ஒருவர், 'பசி'யில் சென்னைக் குடிசைவாசியாகவும் இதில் பாலக்காட்டுக்காரராகவும் மாறிக் காட்டுகிறார் என்பது படம் பார்க்கும்போது மனதில் உறைப்பதே இல்லை. உறைக்காமல் செய்வதுதான் அங்கே வித்தை. இன்னொன்றும் உண்டு. கிரேஸி மோகனின் வசனம் பிங்பாங் வேகத்தில் போகும். ஒருவர் சொன்னதைத் தவறாகக் கேட்டோ, வேறு அர்த்தத்தில் எடுத்துக்கொண்டோ இன்னொருவர் பதில் சொல்வார். பதில் சொல்பவர் உண்மையிலேயே அப்படிக் கேட்டதாக நமக்குத் தோன்றினால்தான் சிரிப்பு வரும். முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொண்டு சொன்னதாகத் தெரிந்தால் ஜோக் செத்துவிடும். சபா மேடையில் நூற்றுக்கணக்கான தடவை ஒரே வசனத்தை முதல் தடவை கேட்பதுபோலக் கேட்டுப் பழகியவருக்கு இது கைவந்த கலை.

கையில் கரண்டியோடு அவரை மறுபடியும் பார்த்தது 1997-இல், சுரேஷ் கிருஷ்ணாவின் 'ஆஹா' படத்தில். அங்கேயும் சமையல்காரர், கதாநாயகியின் அப்பா. ஆனால் மணி ஐயரின் படபடப்பு இதில் இல்லை. பணக்கார வீட்டுப் பையன் தன் மகளை விரும்புகிறான் என்றால் ஒரு சமையல்காரருக்கு வரும் கூச்சமும் சுயமரியாதையும் கலந்த தயக்கம்தான் இந்த வேஷத்தின் உயிர். இரண்டு படத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரே தொழிலை ஒரே நடிகர் இரண்டு மனிதர்களாகப் பிரித்திருப்பது தெரியும்.

'அவ்வை சண்முகி'யில் (1996) ஜெமினி கணேசனின் காரியதரிசி சேதுராம ஐயர். கள்ளத்தனமும் பயமும் சேர்ந்த ஆள். 'தெனாலி'யில் (2000) மனநல மருத்துவர் பஞ்சபூதம். ஜெயராம் நடித்த டாக்டர் கைலாஷின் பேரும் புகழும் தாங்காமல், பயங்களின் மூட்டையான தெனாலியைக் கைலாஷிடம் தள்ளிவிட்டு வேடிக்கை பார்க்க நினைக்கிறவர். பக்கத்தில் கைத்தடியாக ரமேஷ் கண்ணா. மனநோய்க்கு வைத்தியம் பார்ப்பவரே பொறாமையில் தூக்கமில்லாமல் தவிக்கும் நகைச்சுவையை கணேஷ் கத்தாமல், உருளாமல் செய்தார். பொறாமை பிடித்தவன் முகத்தில் எப்போதும் ஒரு புன்னகை இருக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இவ்வளவு நல்ல பட்டியலைச் சொல்லும்போது மறைக்கக் கூடாத ஒரு வருத்தம் இருக்கிறது. நானூறு படத்தில் நிறையவற்றில் அவருக்குக் கிடைத்தது வேஷம் கிடையாது, நாற்காலி. சட்டை பட்டனைப் போட்டுக்கொண்டு, செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "என்னம்மா இது?" என்று கேட்டு எழுந்து போகிற அப்பா. கல்யாணப் பத்திரிகையை நீட்டும் மாமா. பெஞ்சில் உட்காரும் வக்கீல். முப்பத்தைந்து வயதில் ஷோபாவுக்கு அப்பாவாகி அவ்வளவு நன்றாகச் செய்ததற்கான தண்டனை போலவே இது ஆகிவிட்டது. வி.எஸ். ராகவனுக்கும் பூர்ணத்துக்கும் இதே கதிதான். தமிழ் சினிமா குணச்சித்திர நடிகரைக் கண்டுபிடிக்கும், உடனே ஒரு அச்சில் வார்க்கும், அப்புறம் அந்த அச்சையே சுட்டிக்காட்டி 'இவருக்கு இதுதான் வரும்' என்று சொல்லும். வயதானவர்களைக் கதையின் மையத்தில் வைத்து எழுதுகிறவர்கள் நம்மிடம் குறைவு என்பதுதான் அடிப்படை. மலையாளத்தில் நெடுமுடி வேணுவுக்கும் திலகனுக்கும் கிடைத்த அளவுக்கு இங்கே கணேஷுக்குக் கதை கிடைக்கவில்லை. திலகனும் நாடக மேடையிலிருந்து வந்தவர்தான். நெடுமுடி வேணுவும் காவாலம் நாராயண பணிக்கரின் நாடகக் குழுவில் இருந்தவர். விதை ஒரே மாதிரிதான். நிலம்தான் வேறு.

கணேஷ் இதைப் பற்றிப் புலம்பிக்கொண்டு உட்காரவில்லை. சீரியலில் நடித்தார். குறும்படம் எடுக்கும் பையன்களுக்கும் நடித்துக் கொடுத்தார். கலைமாமணி விருது வாங்கினார். 2016-இல் மகன் மகாவைக் கதாநாயகனாக்கி 'என்னுள் ஆயிரம்' என்ற படத்தைத் தானே தயாரித்தார். ஆயுசு முழுக்க மற்றவர் மகன்களுக்கு அப்பாவாக நடித்தவர் சொந்த மகனுக்காகக் கைக்காசைப் போட்டார். படம் பெரிதாகப் போகவில்லை.

அவர் வீடு ராமாபுரத்தில். சென்னீர்குப்பத்துப் பெரியவருக்கு அது ஒரே சாலைதான்: கரையான்சாவடி வந்து மவுண்ட் பூந்தமல்லி சாலையில் ஏறினால் குமணன்சாவடி, காட்டுப்பாக்கம், ஐயப்பன்தாங்கல், போரூர், ராமாபுரம். எத்தனையோ தடவை அந்த வழியாகப் போயும், "ஒரு நாள் இறங்கிப் பார்த்துட்டு வரலாமே" என்று மனைவி கேட்டும், பெரியவர் இறங்கவில்லை. "பார்த்து என்ன பேசறது? நல்லா நடிச்சீங்கன்னு சொல்றதா? அது அவருக்கே தெரியும்" என்பார்.

இந்தப் பகுதிக்கும் கணேஷின் கடைசிக் காலப் படம் ஒன்றுக்கும் ஒரு சோகமான தொடர்பு உண்டு. பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையில், செம்பரம்பாக்கம் பக்கத்தில் இருக்கிற ஈவிபி ஃபிலிம் சிட்டியில்தான் 2020 பிப்ரவரி 19 இரவு 'இந்தியன் 2' படப்பிடிப்பில் கிரேன் சரிந்து விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். பிறகு கொரோனா. படம் இழுத்துக்கொண்டே போனது. அதில் நடித்த விவேக் 2021 ஏப்ரலில் போனார், நெடுமுடி வேணு அதே வருஷம் அக்டோபரில். 2024 ஜூலை 12 அன்று படம் வெளிவந்தபோது திரையில் இருந்தவர்களில் இந்த இருவரும் உயிரோடு இல்லை. கணேஷ் இருந்தார். நான்கே மாதம். நவம்பர் 9 இரவு ராமாபுரம் வீட்டில் அவரும் காலமானார். வயது 80.

விமானப்படையினர் வீட்டுக்கு வந்து, அவர் உடல்மேல் விமானப்படைக் கொடியைப் போர்த்தி மரியாதை செலுத்தினார்கள். சினிமாக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்து போனதைச் சாதாரணமாகப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர், நீலக் கொடியை டி.வி.யில் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் வேலையை விட்டுப் போன ஒருவரைப் படை மறக்கவில்லை என்பதில் அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

அன்று ராத்திரி அந்த வீட்டில் ஒரு சின்ன வாக்குவாதம். கல்லூரியில் படிக்கும் பேத்தி போனில் பஞ்சபூதம் காட்சிகளைப் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதெல்லாம் அப்புறம் பாரும்மா. முதல்ல 'பசி' பாரு" என்றார் தாத்தா.

"அழுகைப் படமா தாத்தா?"

"அழுகைப் படம்தான். ஆனா அந்த மனுஷன் அழமாட்டார்."

"அப்ப 'சிந்து பைரவி'யே பார்த்துக்கறேன். அதுல பாட்டாவது இருக்கும்."

பெரியவர் கொஞ்சம் யோசித்துவிட்டு அதற்கும் சரி என்றார். ஆனால் பாட்டு வரும்போது பாடுகிறவரைப் பார்க்காமல் பக்கத்தில் மிருதங்கம் வாசிக்கிறவரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை போட்டார். பாட்டுக் காட்சியில் யாராவது மிருதங்கத்தைப் பார்ப்பார்களா என்று அவள் திருப்பிக் கேட்டாள்.